மேற்கு ஜன்னலும் ஏழு பேனாக்களும்: ஓர் உருஷிப் பேனாத் தொகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

யோகோஹாமாவில் வசிக்கும் ஒரு குடும்பம். தந்தை ஓய்வுபெற்ற பொறியாளர், உருஷி என்ற ஜப்பானிய மரப்பால் பூசிய கைவேலைப் பேனாக்களை முப்பது வருடங்களுக்கு மேலாகச் சேர்த்தவர். இடையில் பலவற்றை விற்றார், சிலவற்றை நண்பர்களிடம் மாற்றிக்கொண்டார். அவர் இறந்தபோது வீட்டில் ஏழு பேனாக்கள் இருந்தன. கடைசிவரை விட மனம் வராமல் வைத்துக்கொண்டவை இவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவர் இருந்தவரை எல்லாம் தனித்தனி மரப்பெட்டிக்குள்தான் இருந்தன. அவர் போன பிறகு தாயார் ஏழையும் வெளியே எடுத்து, அவருடைய படத்துக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி அலமாரியில் படுக்கவைத்து அடுக்கினார். அவ்வளவு ஆசையாகச் சேர்த்ததைப் பெட்டியில் பூட்டி வைப்பானேன், நாலு பேர் கண்ணில் படட்டும் என்பது அவர் எண்ணம். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அலமாரிக்கு எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல். அப்படியே இரண்டு கோடைகள் கழிந்தன.

தாயார் சின்ன வீட்டுக்குக் குடிபோக வேண்டி வந்தது. ஒரு பேனாவைத் தான் வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடலாம் என்று மகள் நினைத்தார். பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "மேலே மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும், விலையும் நன்றாகப் போகும்" என்றார். பாலிஷுக்குக் காசு வேண்டாம், விற்பனையைத் தன்னிடம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். மகளுக்கு ஏதோ உறுத்தியது. தந்தையின் பேனா நண்பர்களை விசாரித்தார். அப்படித்தான் ஒரு பேனா பழுதுபார்ப்பவரும் ஓர் உருஷிக் கைவினைஞரும் இதற்குள் வந்தார்கள். அவர்கள் பார்த்ததையும் சொன்னதையும் குறித்துவைக்கும் வேலை என்னிடம் வந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இங்கே எழுதுகிறேன்.

பூச்சைப் பற்றிக் கொஞ்சம்

இது தெரியாமல் பின்னால் வரும் முடிவுகள் புரியாது. நம்மூர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. உருஷி ஒரு மரத்தின் பால். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரத்தைக் கோடை தொடங்கி இலையுதிர் காலம் வரை கீறிக் கீறி எடுத்தாலும் சுமார் 200 மில்லிதான் தேறும். ஜப்பானில் அதோடு மரத்தை வெட்டிவிட்டு, அடியிலிருந்து துளிர்க்க விடுவார்கள். உள்நாட்டு உருஷியில் பெரும்பகுதி இவாத்தே மாவட்டத்தின் ஜோபோஜியிலிருந்து வருகிறது. ஆனால் ஜப்பானில் புழங்கும் உருஷியில் மிகுதி சீனத்து இறக்குமதிதான்.

பெயின்ட் உலர்வதற்கு வறண்ட காற்று வேண்டும், உருஷி இறுகுவதற்கு ஈரக்காற்று வேண்டும். பாலில் உள்ள லாக்கேஸ் என்ற நொதி காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு உருஷியால் என்ற பொருளைப் பிணைத்துக் கெட்டியாக்குகிறது. அதற்கு 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும் என்பதால், பூசிய பேனாவை ஈரம் காக்கும் மர அலமாரிக்குள் வைக்கிறார்கள். ஒரு பூச்சு இறுகியதும் கரியால் தேய்த்து மட்டப்படுத்தி அடுத்த பூச்சு. இப்படியே மாதக்கணக்கில் போகும். நன்றாக இறுகிவிட்டால் அமிலமோ ஆல்கஹாலோ எளிதில் அதை அசைக்காது. வெளிச்சம் மட்டும் அசைத்துவிடும், முக்கியமாக அதிலுள்ள புற ஊதாக் கதிர்.

இதில் ஒரு முரண் உண்டு. 1918இல் நமிகி ரியோசுகேயும் வாதா மசாவோவும் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய பைலட். அந்தக் காலத்துப் பேனா உடல் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் அதன் கருமை போய்ப் பழுப்பேறும். அதைத் தடுக்கத்தான் 1920களில் அவர்கள் எபோனைட்டின் மேல் உருஷி பூசத் தொடங்கினார்கள். தங்கப்பொடி தூவிப் படம் வரையும் மாகியே அதன் பின்னாலேயே வந்தது. மாட்சுதா கொன்ரோக்கு போன்ற கலைஞர்கள் சேர்ந்தார்கள். 1930இல் லண்டனின் டன்ஹில்லோடு ஒப்பந்தம். 1931இல் கொக்கோகாய் என்ற கலைஞர் குழு. மாட்சுதாவை 1955இல் ஜப்பான் அரசு 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்தது. வெயிலிலிருந்து எபோனைட்டைக் காக்க வந்த பூச்சு, வெயிலிடமே தோற்ற கதைதான் இது.

ஏழு பேனாக்களில் இரண்டு போருக்கு முந்தைய மாகியே, எபோனைட் உடல். மூன்று தமெநூரி: அடியில் சிவப்பு, மேலே தேன் நிறத்தில் ஒளி புகும் உருஷி, மொத்தத்தில் பார்க்கக் கருஞ்சிவப்பு. ஒன்று ராதேன், சிப்பித் துண்டுகள் பதித்தது. இன்னொன்று அண்மைக்கால மாகியே என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவை

பேனாக்களைத் தட்டிலிருந்து எடுக்காமலே முதல் புகைப்படங்களை எடுத்தோம். அதற்கு அவசியம் இருந்தது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது ஒருமுறை கை பட்டால் போய்விடும் தகவல்.

அந்த அண்மைக்கால மாகியேவைத் தவிர மற்றவற்றில் மேல்பக்கம் முழுவதும் பளபளப்பு போய்ச் சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தது. பேனாவைத் திருப்பினால் அடிப்பக்கம் கன்னங்கரேலென்று முகம் தெரிந்தது. கிளிப் இருந்த தமெநூரி ஒன்றில் கிளிப்பைச் சற்று நகர்த்திப் பார்த்தபோது, அதன் நிழல் விழுந்த இடம் மட்டும் ஒரு மெல்லிய பளபளப்பான கோடாக இருந்தது. இது அழுக்கோ கைப்பிசுக்கோ இல்லை, வெளிச்சம்தான் காரணம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கண்ணாடிக்குப் பின்னால்தானே வைத்தோம் என்று தாயார் கேட்டார். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாவின் ஒரு பகுதியைத்தான் நிறுத்தும், மீதி உள்ளே வந்துவிடும்.

மாகியே பேனா ஒன்றில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய திட்டு இருந்தது. விசாரித்ததில், தூசி போக ஈரத்துணியால் மகள் ஒருமுறை துடைத்தது தெரிந்தது. அந்தத் துணியை நல்லவேளையாகத் துவைக்காமல் வைத்திருந்தார். அதில் பழுப்புக் கறை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நாலைந்து இடத்தில் தங்க மினுமினுப்பு. நல்ல நிலையில் உள்ள உருஷியைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. வெயில் தின்ற உருஷி அப்படியல்ல, அதன் மேற்பரப்பு தண்ணீரில் கரையத் தொடங்கும், வியர்வை பட்ட விரல்ரேகைகூட நிரந்தரமாகப் பதிந்துவிடும். அன்றிலிருந்து பருத்திக் கையுறை இல்லாமல் யாரும் தொடவில்லை.

போருக்கு முந்தைய இரண்டிலும் மை நிரப்பும் முறை பழையது. கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் உடலுக்குள் நேராக மை ஊற்ற வேண்டும். வால்பக்கத் திருகோடு சேர்ந்த ஒரு நீண்ட கம்பி உள்ளே ஓடி, நிப்புக்குப் போகும் வழியை அடைக்கும். எழுதும்போது திருகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்த்தினால் மை இறங்கும், சட்டைப்பையில் கசியாது. இரண்டு பேனாக்களிலும் மை காய்ந்து கம்பி இறுகியிருந்தது.

பத்து மடங்கு லென்ஸில்

பேனாவுக்குப் பேனா கதை மாறியது இங்கேதான்.

முதல் மாகியேவில் காற்றில் சாயும் நாணல். ஹிரா மாகியே வேலை: வரைந்த கோட்டின் மேல் தங்கப்பொடி தூவி, அதை மெல்லிய உருஷியால் நிலைநிறுத்தியது. கோடுகள் மேற்பரப்பிலிருந்து மயிரிழை அளவு உயர்ந்து நிற்கின்றன. பொடியின் மேல் இருந்த பூச்சு நொறுங்கி, சில இடங்களில் தங்கத்துகள் வெறுமனே உட்கார்ந்திருந்தது. சிவப்பில் இட்ட கையொப்பம் மட்டும் அடிப்பக்கம் இருந்ததால் தப்பித்தது. தாயார் படம் தெரியட்டும் என்று திருப்பி வைத்திருந்ததால் வந்த அதிர்ஷ்டம்.

இரண்டாவதில் அலைகள். இது தோகிதாஷி: படத்தை வரைந்து, அதன் மேல் முழுக்க உருஷி பூசி, மறுபடி படம் எட்டிப்பார்க்கும் வரை தேய்த்துக் கொண்டுவருவது. தங்கம் பூச்சுக்கு உள்ளே புதைந்திருப்பதால் சேதம் குறைவு. லென்ஸில் துகள்கள் வெவ்வேறு ஆழத்தில், சின்னதும் பெரியதுமாக, ஓர் ஒழுங்கும் இல்லாமல் தெரிந்தன. கைவேலையை அடையாளம் காண இந்த ஒழுங்கின்மையைத்தான் பார்க்க வேண்டும்.

'அண்மைக்கால மாகியே'வில் ஒழுங்கு இருந்தது. மேப்பிள் இலையின் விளிம்பை லென்ஸில் பார்த்தபோது, பத்திரிகைப் படத்தில் தெரிவதுபோல வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஸ்கிரீன் பிரின்டிங். கையொப்பமும் அதே புள்ளிகளால் ஆனது. ஜப்பானில் இப்படி அச்சிடுவதற்கு 'நவீன மாகியே' என்றே பெயர் உண்டு, அப்படிச் சொல்லி விற்பதில் ஏமாற்று எதுவுமில்லை. தந்தையின் ரசீதில் வெறும் 'மாகியே' என்று மட்டும் இருந்தது. அவருக்குத் தெரிந்தே வாங்கினாரா என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. என் ஊகம், தெரிந்துதான் வாங்கியிருப்பார். மற்ற ஆறையும் தேர்ந்தெடுத்த கண் இதில் மட்டும் ஏமாந்திருக்காது.

ராதேன் பேனாவில் ஒரு சிப்பித் துண்டின் மூலை தூக்கியிருந்தது. அது வெயிலைவிட வறட்சியின் வேலையாக இருக்கலாம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்குவது இங்கே சாதாரணம்.

என்ன செய்யலாம் என்ற பேச்சு

கடைக்காரர் சொன்ன பாலிஷை முதலில் எடுத்துக்கொண்டோம், விலை விஷயத்தில் அவர் சொன்னது பொய் இல்லை என்பதால். நுண்பொடியும் எண்ணெயும் கொண்டு தேய்த்தால் சேதமான மேல்தோல் போய் அடியிலிருந்து பளபளப்பு வரும். பூச்சு கனமாக உள்ள, படம் இல்லாத பேனாவுக்கு அது ஓரளவு பொருந்தும். நாணல் பேனாவில் அதைச் செய்தால் முதலில் போவது உயர்ந்து நிற்கும் தங்கம்தான்.

இன்னொரு வழி உருஷிகதாமே. நீர்த்த உருஷியை மங்கிய பரப்பில் தேய்த்து ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து இறுகவைப்பது. நுண்விரிசல்கள் அடைபடும், ஆழமான கருமை திரும்பும், தளர்ந்த பொடி பிடித்துக்கொள்ளும். ஜப்பானில் கோயில் பொருள்களுக்குக்கூட மரபாகச் செய்வதுதான். மேற்கத்திய அருங்காட்சியகங்கள் இதில் தயங்குகின்றன, ஏனென்றால் ஊறிய உருஷியைத் திரும்ப எடுக்க முடியாது. பொருளின் பழைய தோலும் புதிய தோலும் ஒன்றாகிவிடும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கருவிக்கு ஒரு நியாயம், ஆவணத்துக்கு ஒரு நியாயம். ஒரு பேனா இரண்டில் எது என்பதில்தான் சிக்கல்.

கைவினைஞர் உருஷிகதாமே செய்யத் தெரிந்தவர், அதில் காசும் பார்க்கக்கூடியவர். நாணல் பேனாவைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதைத் தொட்டால் என் வேலைதான் மிஞ்சும், அவர் வேலை மிஞ்சாது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எடுத்த முடிவுகள்

நாணல் பேனாவை அப்படியே விடுவது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. இறுகிய கம்பியையும் விட்டுவிட்டோம். திருகை வற்புறுத்தினால் உடல் விரியும். வெந்நீரில் ஊறவைத்தால் எபோனைட்டும் பழுப்பாகும், பூச்சும் கெடும். இனி இது எழுதப்போகும் பேனா இல்லை என்றான பிறகு கம்பி இறுகியிருந்தால் என்ன?

அலைப் பேனாவில் கம்பியை விடுவித்தோம். பழுதுபார்ப்பவர் உடலை நனைக்காமல், உள்ளே மட்டும் சாதாரணத் தண்ணீரை ஃபில்லரால் விட்டு, மாற்றி மாற்றி ஊறவைத்தார். பொறுமையாக விட்டதில் ஒருநாள் தானாகவே சுழன்றது. கம்பியைச் சுற்றிக் கசிவை அடைத்திருந்த தக்கை கல்லாகிப்போயிருந்தது, அதற்குப் பதில் ரப்பர் வளையம். பழைய தக்கையை உறையில் போட்டு, தேதி எழுதி, பேனாவோடு பெட்டிக்குள் வைத்தார்.

ராதேனில் தூக்கிய சிப்பி மூலையை விலங்குப் பசையால் மட்டும் ஒட்டுவது. தேவைப்பட்டால் ஈரம் காட்டிக் கழற்றிவிடலாம் என்பதே காரணம்.

அச்சு மேப்பிள் பேனாவுக்கு எதுவும் தேவைப்படவில்லை. மேலே இருப்பது பிசின் பூச்சு, வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை.

தமெநூரிகளில் இரண்டை உள்ளது உள்ளபடி, சேதத்தைப் படத்தோடு சொல்லி விற்பது. மூன்றாவது, தந்தை தினமும் எழுதியது. மகள் தனக்கென்று வைத்துக்கொள்ள விரும்பியது அதைத்தான், அதுவும் எழுதுவதற்கு. கையொப்பம் இல்லை, படம் இல்லை, மறுபூச்சு போடும் வழக்கம் உள்ள வகை. எனவே அதற்கு முழு மறுபூச்சு என்று முடிவானது. உருஷி வேலைக்குப் பேர்போன வாஜிமா ஊரில் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. 2024 ஜனவரி 1 நோட்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே பட்டறைகள் பட்ட பாடு தெரிந்ததுதான்; சின்ன வேலையோடு அவர்கள் வாசலில் போய் நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. நம் கைவினைஞரே எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில், எல்லாவற்றிலும் எளிதான முடிவு இதுதான் என்று அனைவரும் நினைத்தோம்.

பிறகு நடந்தது

மறுபூச்சு முடிந்து வந்த பேனாவை மகள் பெட்டியிலிருந்து எடுத்தார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, கண்ணாடி போன்ற பரப்பு. ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. "இது அப்பாவுடையது மாதிரி இல்லையே" என்றார்.

தமெநூரியின் மேல்பூச்சு வருடங்கள் போகப் போகத் தெளிந்துகொண்டே வரும். பூச்சு மெலிந்திருக்கும் மூடி விளிம்பிலும் உடலின் நுனியிலும் அடியிலுள்ள சிவப்பு மெல்ல மேலே வரும். தந்தையின் பேனாவில் அந்த விளிம்புகள் நல்ல சிவப்பாகக் கனிந்திருந்தன. புதுப்பூச்சு இப்போது ஏறக்குறையக் கறுப்பு. பழைய நிறம் வர மறுபடி வருடங்கள் ஆகும். இதைக் கைவினைஞர் முன்பே சொல்லியிருந்தார், 'நிறம் சற்று அடர்த்தியாக வரும்' என்று. என் குறிப்பிலும் அந்த வரி இருக்கிறது. மகள் அதை நுணுக்கமான தொழில் விஷயம் என்று எடுத்துக்கொண்டார். எவ்வளவு அடர்த்தி என்று ஒரு புதுப்பூச்சு மாதிரியை யாரும் காட்டவில்லை.

இன்னொன்று, யாருமே பேசாதது. மூடியின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருந்ததாம். தந்தை மூடியை மேசை விளிம்பில் தட்டும் பழக்கத்தால் வந்தது. கைவினைஞர் அதைக் களிமண்பொடி கலந்த உருஷியால் நிரப்பி மட்டம் செய்துவிட்டார். பள்ளம் என்றால் குறை, குறையை நிரப்புவதுதான் வேலை. அவர் தொழிலில் இதைக் கேட்டுச் செய்வது வழக்கம் இல்லை. மகள் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். பளபளப்பைத் திரும்பப் பெற்றோம், அதற்கு அந்தப் பள்ளத்தை விலையாகக் கொடுத்துவிட்டோம். முன்கூட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தால் தமெநூரியின் அந்தப் பகுதியை விட்டுவைத்திருக்கலாமா என்று கைவினைஞரிடம் பிறகு கேட்டேன். பரப்பில் ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு மறுபூச்சு போடுவது சிரமம், முடியாதது இல்லை என்றார்.

ஒரு வாரம் எழுதியதும் மகளின் விரலிடுக்கில் அரிப்பும் சிவப்பும் வந்தன. மருத்துவர் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்தார். முழுக்க இறுகிய உருஷி பொதுவாக ஒன்றும் செய்யாது, புதுப்பூச்சு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உருஷி மரம், மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். மாம்பழத் தோல் உதட்டில் பட்டால் புண்ணாகிறவர்களும், சேராங்கொட்டைப் பால் பட்டுக் கொப்பளித்தவர்களும் புதுப் பேனாவில் கவனமாக இருப்பது நல்லது. பேனாவை இரண்டு மாதம் காற்றோட்டமாக வைத்தபின் அவருக்குத் தொந்தரவு இல்லை.

விற்பனை சத்தமில்லாமல் முடிந்தது. அலைப் பேனாவையும் இரண்டு தமெநூரியையும் மங்கிய பக்கத்தின் படங்களோடு விற்றார்கள். கடைக்காரர் சொன்ன தொகை வரவில்லை. நாணல் பேனாவுக்கு ஒருவர், பாலிஷ் செய்து கொடுத்தால் கூடுதலாகத் தருகிறேன் என்றார். குடும்பம் விற்கவே இல்லை. மேப்பிள் பேனாவைத் தாயார் கேட்டு வாங்கிக்கொண்டார். அச்சு என்று சொன்னோம். "இருக்கட்டுமே, எல்லாவற்றிலும் இதுதான் அழகு" என்றார். புது வீட்டில் தயங்காமல் வெளிச்சத்தில் வைக்கக்கூடிய ஒரே பேனாவும் அதுதான்.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

மறுபூச்சுக்கு ஒப்புக்கொள்ளும் முன், புதிதாகப் பூசிய மாதிரி ஒன்றை உடைமைக்காரர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாய்ச்சொல் போதாது. கூடவே, பேனாவில் உள்ள ஒவ்வொரு வடுவையும் படமெடுத்து, எது குறை, எது இருக்க வேண்டியது என்று அவரிடமே கேட்டுக் கைவினைஞருக்கு எழுத்தில் தர வேண்டும். கையொப்பம் உள்ள பேனாவுக்கு அவ்வளவு யோசித்த நாங்கள், கையொப்பம் இல்லாததை வெறும் கருவி என்று வைத்துவிட்டோம். அந்தப் பிரிப்பு சந்தைக்குச் சரி. வீட்டுக்குள் அது பொருந்தவில்லை.

சேகரிப்பவர்கள் ரசீதோடு ஒரு வரி எழுதிவைத்தால் பின்னால் வருபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்: எங்கே வாங்கியது, கைவேலையா அச்சா, எப்போது யார் தொட்டது, இதை வெளிச்சத்தில் வைக்கலாமா கூடாதா. ஏழு பெட்டிகளில் ஒன்றின் மூடியிலாவது 'வெயில் ஆகாது' என்று எழுதியிருந்தால் தாயார் அலமாரியை வேறு சுவரில் வைத்திருப்பார்.

பேனாவை அவ்வப்போது திருப்பி வைத்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாக மங்கும், வேறொன்றும் ஆகாது. காட்சிக்கு வைத்தே தீர வேண்டுமென்றால் ஜன்னலில் புற ஊதா தடுக்கும் படலம் ஒட்டலாம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் செய்யும் சேதம் அப்போதும் தொடரும், ஆகவே படலம் மங்கலைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. பெட்டியும் 50 முதல் 60 சதவீத ஈரப்பதமும் போதும். அதற்கு மேல் உபகரணம் எதுவும் இந்த அளவுத் தொகுப்புக்குத் தேவையில்லை.

நாணல் பேனாவும் ராதேனும் இப்போது மகளிடம், அதனதன் மரப்பெட்டிக்குள். நாணலில் புதிதாகப் பொடி உதிரவில்லை. ராதேனில் ஒட்டிய மூலை பிடித்திருக்கிறது, அதற்கு அடுத்த துண்டின் ஓரம்தான் சந்தேகமாக இருக்கிறது. ஹீட்டர் காலம் முடிந்ததும் பழைய படங்களோடு ஒப்பிட்டு, அதற்கும் பசை வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும்.